தட்டாத கை

டெஸ்மண்டைத் தெரிந்தவர்கள் எல்லோரும் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். பெங்களூர் பொம்மசந்திராவில் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். ஒரு போல்ட் கணக்கில் குறைந்தால்கூட அன்றைக்கு மதியச் சோறு இறங்காது அவனுக்கு. பொம்மனஹள்ளியில் வாடகை வீடு, மனைவி மோனிகா, ஞாயிறு தவறாமல் பூசை. நல்லவன்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் நல்லவர்களுக்கென்றே சில கோழைத்தனங்கள் உண்டு. அதில் ஒன்று அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில், அத்தனை பேர் பார்க்க, அவன் வாயிலிருந்து வந்து விழுந்தது.

அது வந்த வழியைச் சொல்ல வேண்டுமானால் ரயிலில் ஏற வேண்டும்.

டெஸ்மண்ட் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். சுரங்கத்தை மூடிய பிறகு ஊரில் பாதிப் பேர் என்ன செய்தார்களோ அதைத்தான் பையனும் செய்தான். விடியும் முன்னே மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போவது, சாயங்காலம் அதே கூட்டத்தில் நசுங்கித் திரும்புவது. அந்தக் கூட்டத்தில் அவனுக்குக் கிடைத்தவன் நாராயணசாமி. கன்டோன்மென்ட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் தச்சு வேலை. நாணா என்றால்தான் ரயிலில் தெரியும். டெஸ்மண்ட் ஓடி வந்து ஏறுவதற்குள் ஜன்னலோர இருக்கையில் தன் துண்டைப் போட்டு வைத்திருப்பான். யாராவது கை வைத்தால், "ஆளு வருது குரு, கொஞ்சம் தள்ளிக்கோ" என்பான். வருஷக்கணக்கில் அப்படி.

ரயிலில் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பேர் ஒரு ஜோடி, இன்னும் இரண்டு பேர் எதிர் ஜோடி. சீட்டைப் பார்த்ததும் இத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் மாதிரி கேட்க வேண்டும். பதினாலில் தொடங்கி ஏறும். சீட்டிலேயே பெரியது ஜாக்கி. ஜோடியின் கையில் என்ன இருக்கிறது என்று வாயால் கேட்டதை வைத்துத்தான் ஊகிக்கலாமே தவிர வேறு சாடை கூடாது. அதுதான் ஆட்டத்தின் தர்மம்.

ஆனால் ரயிலில் வாயால் கேட்டால் யார் காதில் விழும்? சக்கரச் சத்தம் ஒரு பக்கம், வேர்க்கடலைக்காரன் ஒரு பக்கம், அடுத்த பெட்டியில் பஜனை கோஷ்டி ஒரு பக்கம். அதனால் அங்கே ஏலம் கேட்பது கையால். நாணா இழைத்து, மூலை மழுக்கி, மெழுகு போட்டுக் கொண்டுவந்த பலகை ஒன்று நாலு பேர் முழங்கால்மேலும் கிடக்கும். பதினாலுக்கு மேல் எவ்வளவு கூட்டுகிறாயோ அத்தனை தட்டு. பதினாறு என்றால் விரல் முட்டியால் இரண்டு தட்டு. வேண்டாம், பாஸ் என்றால் உள்ளங்கையைப் பலகைமேல் விரித்து வைத்தால் போதும். நாலு பேருக்கும் தெரியும், பின்னால் தொங்கிக்கொண்டு எட்டிப் பார்ப்பவனுக்கும் தெரியும். ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

பழகிவிட்டால் அந்தக் கை சும்மா இருக்காது. "இன்னொரு இட்லி வெக்கட்டா?" என்று மோனிகா கேட்டால் டெஸ்மண்டின் கை தட்டின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டும். போதுமென்றால் உள்ளங்கை விரியும். "வாயத் தொறந்து சொன்னா முத்து கொட்டிடுமா?" என்று அவள் கத்துவாள்.

பொம்மசந்திரா வேலை கிடைத்து டெஸ்மண்ட் ஊர் மாறி வந்தான். வந்த புதிதில் சாப்பாட்டு வேளையில் யாரோ அந்த ரயில் கூட்டத்தைப் பற்றி எடுத்தார்கள். "சீட்டாடறேன்னு மொத்த இடத்தையும் பட்டா போட்டுக்கிறானுங்க, பக்கா ரவுடிப் பசங்க" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். டெஸ்மண்டும் சிரித்தான். "நீங்க எந்த ஏரியா?" என்று கேட்டார்கள். பெங்களூரிலேயே பிரேசர் டவுன் என்றான். ஏன் சொன்னான்? கேட்டால் அவனுக்கே தெரியாது. சொன்னதைப் பிறகு காப்பாற்ற வேண்டியதாயிற்று, அவ்வளவுதான்.

அவனுடைய மேனேஜர் அச்யுத், சீட்டாட்டப் போட்டி நடத்தும் ஒரு சங்கத்தில் பொருளாளர். கேன்டீனில் டெஸ்மண்ட் ஆடுவதைப் பார்த்துவிட்டு, "நீங்க இந்த வருஷம் வரணும் டெஸ்மண்ட், நல்ல ஜோடி ஒண்ணு பிடிச்சுட்டு வாங்க" என்றார். நல்ல ஜோடி என்றால் நாணாவைத் தவிர வேறு யார்? போனில் கேட்டதும் நாணா குழந்தை மாதிரி குதித்தான். புதுச் சட்டை எடுத்தான். மண்டபத்துப் பச்சை விரிப்பு போட்ட மேஜையைத் தடவிப் பார்த்து, "ஆடவே வேணாம் டெசு, இப்டியே உக்காந்துட்டுப் போனாகூட போதும்" என்றான்.

அரையிறுதி வரைக்கும் வந்துவிட்டார்கள். அங்கேதான் வினை.

நாணா "பதினாறு" என்று வாயாலும் சொன்னான், கூடவே முட்டியால் மேஜையில் இரண்டு தட்டும் தட்டினான். காலையிலிருந்தே தட்டிக்கொண்டுதான் இருந்தான், யாரும் கண்டுகொள்ளவில்லை. எதிர் ஜோடிக்காரர் தோற்கும் நிலைமையில் இருந்தார், அவருக்குக் கண் தெரிந்தது. சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு நடுவரைக் கூப்பிட்டார். "இவர் தட்டறார் சார். ரெண்டு தட்டினா ரெண்டு ஜாக்கின்னு கூட்டாளிக்குச் சாடை." நடுவர் நாணாவின் சீட்டை விரித்துப் பார்த்தால், பாழாய்ப்போன நேரம், உள்ளே சரியாக இரண்டு ஜாக்கி.

நாணா பயப்படவில்லை. சிரித்தான். "ஐயோ, சாடை இல்ல சார், இது ட்ரெயின் பழக்கம். நாங்க மாரிக்குப்பம் ட்ரெயின்ல ஆடறவங்க. அங்க சத்தத்துல கேக்காதுன்னு தட்டித்தான் கேப்போம். இவனையே கேளுங்க, எத்தினி வருசம் ஒரே பலகையில ஆடியிருக்கோம்."

நடுவர் டெஸ்மண்டைப் பார்த்தார். பக்கத்து மேஜைகளில் ஆட்டம் நின்றது. அச்யுத் நாற்காலியை விட்டு எழுந்து வந்து டெஸ்மண்டின் தோளுக்குப் பின்னால் நின்றார். யாரோ, "ஓ, ட்ரெயின் பார்ட்டியா?" என்று சொல்லிச் சிரித்தது காதில் விழுந்தது.

"நான் ட்ரெயின்ல ஆடினதில்ல சார்" என்றான் டெஸ்மண்ட். "எனக்குக் கிளப்புலதான் பழக்கம். இவர் எதுக்குத் தட்டறார்னு எனக்குத் தெரியாது."

நாணாவின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. டெஸ்மண்ட் விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் சிரித்தபடியே இருந்தான். அதைத்தான் டெஸ்மண்டால் பிறகு எத்தனை முயன்றும் மறக்க முடியவில்லை.

சாடை காட்டியதோடு நடுவரிடம் பொய்யும் சொன்னார் என்று நாணாவுக்கு ஆயுள் தடை. சங்கம் நடத்தும் எந்தப் போட்டியிலும் இனி ஆடக் கூடாது. டெஸ்மண்ட் மேல் தப்பு நிரூபணமாகவில்லை என்று விட்டுவிட்டார்கள். வாசலில் டெஸ்மண்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ போ டெசு. எனக்கு ட்ரெயின் இருக்கு" என்று நாணா புதுச் சட்டையின் கையை மடித்து விட்டுக்கொண்டு நடந்தான்.

ஒரு மாசம் டெஸ்மண்ட் போன் செய்யவில்லை. நாளைக்குச் செய்யலாம், நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளினான். கடைசியில் அங்கேயிருந்து போன் வந்தது. நாணாவின் மகள் ரக்ஷிதா.

"மாமா, அப்பா இப்பல்லாம் ட்ரெயின்லகூட ஆடறதில்ல. கதவுகிட்ட நின்னுட்டே வர்றாராம். பலகைய எடுத்துட்டு வந்து கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாரு. ட்ரெயின்ல எல்லாரும் 'லைஃப் டைம், லைஃப் டைம்'னு கூப்புடறாங்களாம், கூட ஆடற நாகேஷ் அண்ணன் சொன்னாரு. உங்களுக்கு அந்த ஆளுங்களத் தெரியும்ல? அப்பீல் எதனா போட முடியுமா மாமா?"

"பாக்கறேன்மா" என்றான் டெஸ்மண்ட்.

"நீங்க அன்னிக்கே அப்பாவுக்காக எவ்ளோ வாதாடினீங்களாம். அவங்கதான் காதுலயே போட்டுக்கலயாம். அப்பா சொன்னாரு."

டெஸ்மண்ட் ஸ்டோர்ஸ் ரூமில் இருந்தான். கதவைச் சாத்திக்கொண்டு கிரீஸ் டின் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டான். வெட்கம் என்றால் வெட்கம், அப்படி ஒரு வெட்கம். நாணா நாலு வார்த்தை திட்டியிருந்தால், ஊரெல்லாம் சொல்லிக் காறித் துப்பியிருந்தால் தாங்கியிருப்பான். பெற்ற மகளிடம்கூட காட்டிக்கொடுக்காமல் மூடி வைத்திருக்கிறானே! யாரோ கதவைத் தட்டி வாஷர் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து மோனிகாவிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவன் மூஞ்சிக்கு நேரா தெரியாதுன்னு சொன்னியா? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"அப்பீல் போடப் போறேன்டி. கஷ்டப்படற குடும்பம், தெரியாம செஞ்சுட்டாரு, பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும்னு..."

"அவன் என்னா தப்பு பண்ணான் மன்னிக்கறதுக்கு? மன்னிப்பு யாரு கேக்கணும்? நல்லா வருது எனக்கு."

சொன்னால் கேட்டானா? மன்னிப்பு மனுதான் எழுதினான். உருக்கமாக, படிப்பவர் கண்ணில் தண்ணீர் வரும்படி எழுதினான். உண்மை ஒரு வரி இருந்தால் போதும், அந்த ஒரு வரி மட்டும் அதில் இல்லை.

விசாரணைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்கள். அதே மண்டபத்தின் பின்னறை. சங்கத் தலைவி டோரதி மேடம், ஓய்வு பெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ். பக்கத்தில் அச்யுத். ரக்ஷிதாவின் நச்சரிப்புக்காக நாணாவும் வந்திருந்தான். பழைய சட்டை. டெஸ்மண்டிடம், "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

டோரதி மேடம் மனுவை முழுக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க மிஸ்டர் டெஸ்மண்ட். சரி, இரக்கம் காட்டலாம். ஆயுள் தடைய ஒரு வருஷமாக் கொறைக்கலாம். ஆனா இவர் ஒண்ணு எழுதிக் கொடுக்கணும். சாடை காட்டினேன், ட்ரெயின் பழக்கம்னு பொய் சொன்னேன், மன்னிச்சுக்கோங்கன்னு. என்ன நாராயணசாமி?"

நாணா எழுந்து நின்றான். "எழுதித் தர மாட்டேங்க மேடம். நான் பொய் சொல்லல."

"அப்போ உங்க கூட்டாளிதான் பொய் சொன்னாரா?"

இதோ, வாசல் திறந்து கிடக்கிறது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. நாணா டெஸ்மண்டின் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எனக்கு ஆட்டமே வேணாம், உட்டுடுங்க" என்று செருப்பை மாட்டப் போனான்.

"மேடம்" என்றான் டெஸ்மண்ட். "மேடம், பொய் சொன்னது நான்தான். நான் கே.ஜி.எஃப். பத்து வருஷத்துக்கு மேல அதே ட்ரெயின், இவரோட அதே பலகை. நான் பிரேசர் டவுன் இல்ல சார்." கடைசி வரியை அச்யுத்தைப் பார்த்துச் சொன்னான்.

அச்யுத் ஒன்றும் புரியாமல் பார்த்தார். "அதுக்கென்ன டெஸ்மண்ட்? எங்கப்பாவே மாலூர்ல ஏறி அந்த ட்ரெயின்ல போயிட்டு வந்தவர்தானே. நீங்க பிரேசர் டவுனா இருந்தா என்ன, எங்க இருந்தா எனக்கென்ன?"

அடக் கடவுளே! எந்த மனுஷனுக்குப் பயந்து நண்பனைக் குழியில் தள்ளினானோ அந்த மனுஷனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. டெஸ்மண்டுக்கு நாற்காலிக்குள்ளேயே சுருங்கிப் போய்விடலாம் போலிருந்தது.

டோரதி மேடம் மட்டும் அசையவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளின் சாக்குகளைக் கேட்டுப் பழகிய காது. "அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. சிநேகிதனுக்காக இப்பவும் கதை விடலாம் இல்லையா? எதை நான் நம்பறது?"

பக்கத்தில் இருந்த லேப்டாப்பைத் திருப்பி வைத்தார். போட்டி நாளில் எடுத்த வீடியோ. "இத நாலஞ்சு தடவ பாத்துட்டேன். ஒண்ணு எனக்குப் புரியல. ஒவ்வொரு ஆட்டத்துலயும், கேக்கற நேரம் வந்தா உங்க வலது கைய தொடைக்கு அடியில வெச்சு அது மேல உக்காந்துக்கறீங்க. காலைல மொத ஆட்டத்துலேர்ந்தே. ஏன்?"

டெஸ்மண்ட் திரையைப் பார்த்தான். அதில் ஒரு டெஸ்மண்ட் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தன் கையின்மேல் தானே உட்கார்ந்திருந்தான்.

"வெளிய வெச்சா அதுவும் தட்டும் மேடம்."

டோரதி மேடம் நாணாவைப் பார்த்தார். நாணா அப்போதுதான், அந்த நாளைக்குப் பிறகு முதல் தடவையாக, டெஸ்மண்டை நேருக்கு நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை. ஏதோ கணக்குப் போடுகிறவன் பார்வை மாதிரி இருந்தது.

தீர்ப்பு அங்கேயே ஆனது. நாணாவின் தடை ரத்து. மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் ரத்து என்று அறிவிப்பார்கள். நடுவரிடம் பொய் சொன்னதற்காக டெஸ்மண்டுக்கு இரண்டு வருஷத் தடை. டெஸ்மண்ட் தலையாட்டினான். அச்யுத் அவன் முதுகில் தட்டிக்கொடுத்ததுதான் அவனுக்குத் தடையைவிடக் கஷ்டமாக இருந்தது.

வெளியே படிக்கட்டில் நாணா நின்றான். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கோயிலுக்கு வந்த கூட்டத்துக்கு ஒதுங்கி நின்றுகொண்டு பேசினான்.

"அன்னிக்கு அந்த நடுவரு கேட்டப்போ நீ பயந்துட்டே. அது எனக்குப் புரிஞ்சுது. யாருக்குத்தான் பயம் இல்ல? அதை நான் மனசுல வெச்சிக்கவேயில்ல டெசு, சத்தியமா. ஆனா காலைலயே உனக்குத் தெரிஞ்சிருக்கு. இங்க தட்டக் கூடாதுன்னு தெரிஞ்சு உன் கைய எடுத்து ஒளிச்சு வெச்சுக்கினே. எதிர்லதானே உக்காந்துகினு இருந்தேன்? என் கையும் தட்டும்னு உனக்குத் தெரியாதா? 'நாணா, பாத்துக்கோ'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அன்றைக்கு அதைச் சொல்வதென்றால் டெஸ்மண்ட் அந்த மண்டபத்துக்குள் ரயிலைப் பற்றிப் பேச வேண்டும். யாராவது கேட்டுவிட்டால் என்று நினைத்தான். ஆட்டோவில் வரும்போது சொல்லலாம் என்றிருந்தான், சொல்லவில்லை. உள்ளே நுழையும்போது சொல்லலாம் என்றிருந்தான், சொல்லவில்லை. நண்பன் தட்டுவதைக் காலை முழுக்கப் பார்த்துக்கொண்டே தன் கையை மட்டும் காப்பாற்றிக்கொண்டான். இதையெல்லாம் எந்த வாயால் சொல்வது?

"சரி, ட்ரெயின் இருக்கு" என்றான் நாணா.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், டெஸ்மண்ட் வேலையிலிருந்து அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் போய் நின்றான். ஊரில் வேலை இருக்கிறது என்று மோனிகாவிடம் சொன்னான். அவள் ஒரு டப்பாவில் முறுக்கு போட்டுக் கொடுத்தாள்.

அதே பெட்டி. பலகை திரும்ப வந்திருந்தது. நாலு பேர் முழங்கால்மேல் பழைய மெழுகுப் பளபளப்போடு கிடந்தது. நாணாவை யாரும் லைஃப் டைம் என்று கூப்பிடவில்லை. டெஸ்மண்டைப் பார்த்ததும் நாகேஷ், "அடடே, டெஸ்மண்ட் அண்ணே!" என்று கத்தினான். மற்றவர்கள் முறுக்கு எடுத்துக்கொண்டார்கள். டெஸ்மண்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தான்.

மாலூரில், நாணாவுக்கு எதிரே ஆடிக்கொண்டிருந்தவன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். நாணாவின் ஜோடி இடம் காலி.

"அண்ணே, உக்காருண்ணே. ரெண்டு பேரும் ஆடி எத்தினி நாளாச்சு" என்று நாகேஷ் சீட்டைக் கலைக்கத் தொடங்கினான்.

டெஸ்மண்ட் நாணாவைப் பார்த்தான். வலது கையைப் பலகைக்குப் பக்கமாகக் கொண்டுபோய், எல்லோரும் பார்க்க, முட்டியால் ஒரு தட்டு தட்டினான். நானும் கேட்கிறேன் என்பது அந்த ரயிலில் அதற்கு அர்த்தம்.

நாணா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் உள்ளங்கையை மெதுவாகப் பலகைமேல் விரித்து வைத்தான்.

நாகேஷ் கலைப்பதை நிறுத்திவிட்டான். யாரும் விளக்கம் கேட்கவில்லை, அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரியும். டெஸ்மண்டுக்கும் தெரியும். தெரியாது என்று சொல்ல இப்போது வழியில்லை.

பின்னால் நின்றிருந்த ஓர் ஆள் எதிர் இடத்தில் வந்து உட்கார்ந்தான். நாணா நகர்ந்து, ஜன்னலோரம் தன் பக்கத்திலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நிக்காத, இங்க உக்காரு. கால் நோவும்" என்றான். டெஸ்மண்ட் உட்கார்ந்தான். சீட்டு போட்டார்கள். நாணா தன் சீட்டைப் பார்த்து இரண்டு தட்டு தட்டினான்.

பங்காருபேட்டை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், நாணா அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"பாப்பாகிட்ட ஒண்ணும் சொல்லல. நீ பேசித்தான் ரத்தாச்சுன்னு சொல்லியிருக்கேன். உன்னப் பாத்தா தேங்க்ஸ் சொல்லும். வாங்கிக்கோ, வேற எதுவும் பேசாத."

டெஸ்மண்ட் சரி என்றான். வலது கை தொடைக்கு அடியில் இருப்பதை அப்போதுதான் பார்த்து, எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டான்.